இரண்டு முறை வெட்டுப்பட்ட மூலை

தரை வேலை செய்கிறவர்களிடம் போய் நூலக்கா யார் என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவார்கள். அவளுடைய உண்மைப் பெயரைக் கேட்டால்தான் முழிப்பார்கள். டைல் ஒட்டும் முன்னால் சுவருக்குச் சுவர் நூல் கட்டி, முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ம், இப்ப வை" என்று அவள் சொல்லாமல் ஒரு சில்லுகூடத் தரையில் இறங்காது. அதனால் வந்த பெயர். கல்யாணமான புதிதில் புருஷனும் கேலியாக "ஏ நூலு" என்று கூப்பிட்டுப் பார்த்தார். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

ஆள் குட்டை, குரல் நெட்டை. மூன்றாம் மாடியில் நின்று அவள் கேள்வி கேட்டால் கீழே மணல் சலிக்கிறவர் பதில் சொல்வார். ஒட்டி முடித்த தரையைக் கலவை பூசும் கரணையின் காம்பால் தட்டிக்கொண்டே போவாள். அடியில் கலவை நன்றாக நிரம்பியிருந்தால் 'திக் திக்' என்று கட்டியான சத்தம் வரும். எங்காவது 'டொக்' என்று கேட்டதோ, தீர்ந்தது. உள்ளே கலவை சேராமல் பொள்ளல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒட்டினது யாராக இருந்தாலும் பெயர்க்க வைத்துவிடுவாள். புருஷனுக்கும் அதே சட்டம்தான். "சண்டையை வீட்ல போட்டுக்கலாம், முதல்ல அதைப் பேர்த்தெடுங்க" என்பாள்.

கலவை போடுவது புருஷனின் வேலை. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை இவள் ஒரு தம்ளர் டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவாள். ஆனால் அந்த மனுஷன் வாயைத் திறந்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு வார்த்தை வரும்.

அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மற்ற ஆட்கள் உடைசல், வெட்டுச் சேதம் என்று நூற்றுக்குப் பத்து டைல் கூடுதலாக வாங்கச் சொல்வார்கள். நூலக்கா சொல்லமாட்டாள். அறைக்குள் ஒரு நடை நடப்பாள், உதடு முணுமுணுக்கும், எண்ணிக்கை வந்துவிடும். "இத்தனை வாங்குங்க. ஒன்னு மிஞ்சாது, ஒன்னு குறையாது. மிஞ்சினா என் தலையில வெச்சு உடைங்க." அதுநாள்வரை அவள் தலைக்கு ஒரு சேதமும் வரவில்லை.

இப்படிப்பட்டவள் நாற்பத்து நாலு வயதில் எதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதப் போனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாம் ஒரு கல்லால் வந்த வினை.

பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று கட்டினார்கள். தரை முழுக்க இவள் வேலை. வாசல் கூடத்திலிருந்து ஆப்பரேஷன் அறைவரை ஒரே கோடு. நோயாளி படுத்திருக்கும் வண்டியைத் தள்ளினால் சக்கரம் முனகாமல் போகும், அவ்வளவு மட்டம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் கான்ட்ராக்டர் ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு இவர்கள் வைத்த பெயர் வெள்ளைச்சட்டை. சிமென்ட் மூட்டைக்கு நடுவிலேயே நின்றாலும் சட்டையில் ஒரு புள்ளி விழாது, அப்படி ஒரு வித்தை. வேலையை எடுப்பது அவர், செய்வது இவர்கள்.

கல்லில் 'தரைப்பணி' என்று வெட்டி, அதன் கீழே வெள்ளைச்சட்டையின் முழுப்பெயரைப் பளபளவென்று பொறித்திருந்தார்கள். அதை வாசல் சுவரில் பதித்ததும் நூலக்காதான். ரசமட்டம் வைத்து, நாலு மூலையையும் தட்டி, கச்சிதமாகப் பதித்தாள். புருஷன் கலவைச் சட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பேரு எங்க?"

"சிமென்ட்டுக்கு அடியில இருக்கு. போய்க் கலவையைப் பாருங்க."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. வயிறு எரிந்தது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான் இது, வேறென்ன? அன்று சாயங்காலமே வெள்ளைச்சட்டையிடம் போய் நேராகக் கேட்டுவிட்டாள்.

"ஏன் சார், அந்தக் கல்லுல ஒரு ஓரமா என் பேரையும் போட்டா என்ன?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் இன்னும் எரிந்தது. "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க பேருதான்மா போடுவாங்க. லைசென்ஸ் வேணும்னா பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். நீ பாஸ் பண்ணிட்டு வா, உன் பேரைப் பொன்னெழுத்துல பொறிச்சுக்கலாம்."

"பொறிக்கத்தான் போறேன் சார். பார்த்துக்கிட்டே இருங்க."

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வழியில்தான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

சின்ன வயதில் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் கவிழ்ந்தவள் அவள். மறுபடி எழுதினாள், மறுபடி கவிழ்ந்தாள். அந்தக் காலத்து வாத்தியார் "உன் தலையில இருக்கறது களிமண்ணு" என்று வகுப்பு கேட்கச் சொன்னார். களிமண்ணாவது எதற்காவது உதவும் என்று அவள் பதில் சொல்ல, வெளியே நிற்க வைத்தார். பரப்பளவு, சதவீதம், விகிதம் என்பதெல்லாம் இப்போது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தினமும் அதில்தான் புரள்கிறாள். ஆனால் பாதி மார்க் இயற்கணிதத்தில் இருந்தது. அதன் வாசலில், உள்ளே விடமாட்டேன் என்று காலை நீட்டிக்கொண்டு கிடந்தது இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் கணக்கு. அதைத் தாண்டாமல் சமன்பாடும் இல்லை, வரைபடமும் இல்லை, பாஸ் மார்க்கும் இல்லை.

அவளுக்கு வாய்த்த நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புருஷனின் தங்கை, இவளைவிட ஏழெட்டு வயது இளையவள். அண்ணனுக்கும் சேர்த்துத் தங்கை பேசிவிடுவாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் இருந்தால் ரேடியோ தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாடம் என்று முடிவானது.

முதல் நாளே முட்டிக்கொண்டது.

"எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் அஞ்சு எக்ஸ் பிளஸ் ஆறு. இதைக் காரணிப்படுத்தணும் அண்ணி. ரெண்டு எண் கண்டுபிடிங்க. கூட்டினா அஞ்சு வரணும், பெருக்கினா ஆறு வரணும்."

"ரெண்டும் மூணும்."

"பிரமாதம்!"

"அது சரி. எதுக்குக் கூட்டணும், எதுக்குப் பெருக்கணும்?"

"எதுக்குன்னா? அப்படித்தான்."

"அப்படித்தான்னு சொல்லித்தான் அன்னிக்கு அந்த மனுஷன் என்னை வெளிய நிக்க வெச்சார். நீயும் ஆரம்பிக்காதே டீச்சரே."

நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள். அவளிடம் படிக்கிற பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: 'இது பரீட்சைக்கு வருமா மிஸ்?' ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவள் கண் கொல்லைச் சுவர்ப் பக்கம் போனது. சுவரோரம் நூலக்கா வேலை இடங்களிலிருந்து எடுத்துவந்து போட்ட வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடந்தன. சட்டென்று எழுந்து போய் அதில் பொறுக்க ஆரம்பித்தாள். தான் படித்த ஆசிரியர் பயிற்சியில் எப்போதோ அட்டையை வெட்டிக் காட்டியது ஞாபகம் வந்துவிட்டது.

"இங்க பாருங்க. இந்தப் பெரிய சதுரத்தோட பக்கம் எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது, எக்ஸ்னு வெச்சுக்குவோம். இதோட பரப்பு எக்ஸ் ஸ்கொயர். இந்தப் பட்டை நீளத்துல அதே எக்ஸ், அகலத்துல ஒன்னு. அதனால இது வெறும் எக்ஸ். இந்தப் பொடிச் சதுரம் ஒன்னுக்கு ஒன்னு. இப்ப உங்ககிட்ட பெரிசு ஒன்னு, பட்டை அஞ்சு, பொடி ஆறு. எதையும் வெட்டக் கூடாது. எதுவும் மிஞ்சக் கூடாது. எல்லாத்தையும் சேர்த்து ஒரே செவ்வகமா ஒட்டுங்க, பார்க்கலாம்."

ஒட்டச் சொன்னது யாரை! நூலக்கா முட்டி போட்டு உட்கார்ந்தாள். பெரிய சதுரத்தின் வலப்பக்கம் நாலு பட்டை, கீழே ஒரு பட்டை வைத்தாள். மூலையில் நாலு பொடி போட இடம் இருந்தது. இரண்டு மிஞ்சிவிட்டது. "ம்ஹூம்." ஒரு பட்டையை எடுத்துக் கீழே சேர்த்தாள். வலப்பக்கம் மூன்று, கீழே இரண்டு. மூலையில் மூன்றுக்கு இரண்டாக ஒரு காலி இடம். ஆறு பொடியும் அதில் போய்ச் சொல்லிவைத்த மாதிரி உட்கார்ந்தன.

"அடி ஆத்தி!"

அதற்கு மேல் நாத்தனார் வாயைத் திறக்கவே இடமில்லை. "பட்டையை ரெண்டு பக்கத்துக்கும் பங்கு போடுறோம், அது கூட்டல். பங்கு போட்ட ரெண்டும் சேர்ந்து மூலையில ஒரு பள்ளம் விடுது, அதை நிரப்பணும், அது பெருக்கல். பங்கு சரியா இருந்தா மூலை நிரம்பும். நீளம் எக்ஸும் மூணும், அகலம் எக்ஸும் ரெண்டும். காரணிங்கறது நீளமும் அகலமும்தானா? இதை ஒரு மனுஷன் அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் எதுக்கு வெளிய நின்னிருக்கப் போறேன்!"

பங்கு போடுவது பிடிபட்டதும் அவளைப் பிடிக்க முடியவில்லை. வேலை இடத்தில் கலவை இறுகுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் சுவரில் கரியால் எழுதிப் பார்ப்பாள். பன்னிரண்டு பொடிக்கு ஏழு பட்டை என்றால் மூணும் நாலும். பத்துப் பொடிக்கு ஏழு பட்டை என்றால் ரெண்டும் அஞ்சும். "இவ பாஸ் பண்ணிட்டா நான் யார்கிட்ட வேலை பார்க்கிறது?" என்றார் புருஷன். "என்கிட்டதான். இப்ப மட்டும் யார்கிட்ட பார்க்கிறீங்க?"

ஆனால் அரைக்கிணறு தாண்டினவள் மீதியையும் தாண்டியாக வேண்டுமே. கழித்தல் குறி வந்தது.

"எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் அஞ்சு எக்ஸ் பிளஸ் ஆறு. அதே ரெண்டும் மூணும்தான் அண்ணி, ரெண்டுக்கும் மைனஸ் போடணும். மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ். முடிஞ்சுது."

"எப்படி முடியும்? அஞ்சு பட்டையைக் கழிக்கிறோம்னா வெட்டி எடுக்கிறோம், புரியுது. அப்புறம் எதுக்கு ஆறைச் சேர்க்கிறோம்? எடுக்கறவன் எடுத்துட்டுப் போகாம எதுக்கு வந்து திருப்பிக் குடுக்கிறான்?"

"அது ரூல் அண்ணி."

"கீழ கலவை இல்லாம எந்த ரூலும் நிக்காது. இது டொக்குன்னு கேக்குது."

"டொக்குன்னு கேட்டாலும் மார்க் வரும்! மனப்பாடம் பண்ணுங்க!"

பண்ணிப் பார்த்தாள். நம்பாத எதுவும் அவள் கையில் நிற்காது, அது அவள் பிறவிக் குணம். நாத்தனார் வைத்த மாதிரிப் பரீட்சைகளில் கூட்டல் குறிக் கணக்கெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருக்கும், கழித்தல் வந்த இடமெல்லாம் குறி மாறிக் கிடக்கும். தலைகீழாக நின்று பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மனசுக்குள் முதல்முறையாகக் களிமண் வாத்தியாரின் குரல் கேட்டது. "போய்யா" என்று அதை விரட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வெள்ளைச்சட்டை எடுத்திருந்த அந்த வேலை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில். டாக்டர் கலகலப்பான பெண்மணி. நோயாளிகள் காத்திருக்கும் கூடம் சதுரமானது, இருபதுக்கு இருபது டைல், எதையும் வெட்ட வேண்டாம். இடது சுவரை ஒட்டி இரண்டு வரிசை கறுப்பு, பின்சுவரை ஒட்டி மூன்று வரிசை கறுப்பு, மீதியெல்லாம் பால் வெள்ளை என்பது டாக்டரின் ஆசை. அந்த வெள்ளை இனிமேல் வராது, கடையில் இருப்பதுதான் கடைசிச் சரக்கு, இவர்கள் எடுத்தது போக மீதியை வாங்க வேறு ஒருவர் வாசலிலேயே நிற்கிறார் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

நூலக்கா கூடத்துக்குள் ஒரு நடை நடந்தாள். மொத்தம் நானூறு. இடது ஓரம் இரண்டு வரிசை, நாற்பது. பின்னால் மூன்று வரிசை, அறுபது. கறுப்பு நூறு, மீதி வெள்ளை முந்நூறு.

"கொஞ்சம் கூடுதலா வாங்கிடலாமா?" என்றார் டாக்டர்.

"ஒன்னு மிஞ்சாது, ஒன்னு குறையாது டாக்டர். மிஞ்சினா என் தலையில வெச்சு உடைங்க."

வாசல் பக்கமிருந்து வெள்ளையை ஒட்டிக்கொண்டே போனார்கள். கடைசி வெள்ளை வரிசையில் வேகமாகப் போன கை திடீரென்று காற்றைத் துழாவியது. பெட்டி காலி. வரிசையில் ஆறு டைல் குறைந்தது. நூலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தாள், கழிவறைக் கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்தாள்.

"உடைச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

"நான் தொடுறது சிமென்ட்டு மட்டும்தான்" என்றார் புருஷன்.

கடைக்கு ஆள் போய் வந்தது. வெள்ளை தீர்ந்துவிட்டது, இன்னொருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கறுப்பை ஒட்டி முடித்தாள். முடித்தபோது புருஷன் இரண்டு கையிலும் கறுப்பு டைலை அடுக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆறு.

"அங்க ஆறு குறையுது. இங்க ஆறு மிஞ்சுது" என்று நிதானமாகச் சொன்னார். "உன் தலை எங்க?"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனைக்குச் சறுக்கினால் பார்க்கிறவன் சிரிக்கிறான், ஆனைக்கல்லவா வலி தெரியும்! அவள் முகம் செத்துப்போயிற்று. டாக்டரிடம் போய், "தப்பு என்னோடது டாக்டர்" என்று ஆரம்பிக்கும்போதே செய்தி கேட்டு வந்த வெள்ளைச்சட்டை குறுக்கே பாய்ந்தார்.

"நீ பேசாதம்மா! டாக்டர், நீங்க என்கிட்ட பேசுங்க. என் ஆளுங்க பண்ணின தப்பு என் தப்பு மாதிரி. என் பேரு கெட்டுப்போயிடும், நான் சரி பண்ணிக் குடுக்கறேன்."

நூலக்கா பின்வாங்கிப் போய்ச் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"தரை நல்லா வந்தா அவர் பேரு. தப்பாப் போனாலும் அவர் பேரு" என்றாள் புருஷனிடம், அவளுக்கே அடையாளம் தெரியாத சின்னக் குரலில். "எனக்குன்னு ஒரு தப்புகூடச் சொந்தமில்லையா?"

புருஷன் கலவைச் சட்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற ரகமா அவள்? கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். வரவேற்பு மேஜை எங்கே வரும் என்று டாக்டரிடம் கேட்டாள். அந்த இடத்தில் ஈரம் காயாத ஆறு வெள்ளையைப் பெயர்த்துக் கடைசி வரிசையை நிரப்பினாள். பள்ளம் மேஜைக்கு அடியில் வந்துவிட்டது. அங்கே மிஞ்சிய கறுப்பைப் பதித்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. டாக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பல்லு போன இடத்துல கட்டுப் பல்லு வெக்கற மாதிரியா? நான் தினம் செய்யறதுதானே. வைங்க, வைங்க."

நூலக்கா கறுப்பை வைத்தாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று. ஆறாவதைத் தட்டிப் பொருத்தும்போது கை அப்படியே நின்றது. இரண்டுக்கு மூன்று. இந்த உருவத்தை எங்கோ பார்த்திருக்கிறாளே!

எழுந்து, இடது சுவரும் பின்சுவரும் சேர்கிற மூலைக்குப் போய் முட்டி போட்டாள். இடது ஓரத்துக் கறுப்பு இரண்டு வரிசை நேராக வந்து மூலையைத் தொட்டது. பின்சுவரின் கறுப்பு மூன்று வரிசை குறுக்கே வந்து அதே மூலையைத் தொட்டது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடம், இரண்டுக்கு மூன்று, ஆறு டைல். அவள் இடது சுவருக்காக நாற்பது கழித்தபோது இந்த ஆறையும் கழித்தாள். பின்சுவருக்காக அறுபது கழித்தபோது மறுபடியும் இதே ஆறைக் கழித்தாள். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பாவம் அந்த மூலை, ஒரே ஆறுக்கு இரண்டு வெட்டு வாங்கியிருக்கிறது.

"ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே சிகிச்சை நாற்காலியைப் பூட்டிக்கொண்டிருந்த ஆள் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டான். "திருப்பிக் குடுக்கணுங்க! அஞ்சு பட்டையைக் கழிச்சோம்ல, மூலையை ரெண்டு தடவை கழிச்சுட்டோம். ஒரு தடவை திருப்பிக் குடுத்தாத்தான் கணக்கு நேராகும். அதான் பிளஸ் ஆறு! எடுத்தவன் தர்மத்துக்குக் குடுக்கல, அதிகமா எடுத்ததைத் திருப்பி வெக்கிறான்!"

"யாரு எடுத்தா?" என்றார் புருஷன் ஒன்றும் புரியாமல்.

அவருக்கு விளக்க நேரமில்லை. போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்து ஓய்வறையில் இருந்த டீச்சர், அண்ணி மூச்சுவிடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டாள். இருபதுக்கு இருபது கூடத்தில் பதினெட்டுக்குப் பதினேழு வெள்ளை. பெருக்கினால் முந்நூற்று ஆறு. நானூறில் நூறைக் கழித்து ஆறைச் சேர்த்தாலும் அதே முந்நூற்று ஆறு.

"அதேதான் அண்ணி! எக்ஸ் மைனஸ் ரெண்டு, எக்ஸ் மைனஸ் மூணு. அதேதான்! நாளைக்கு என் கிளாஸ்ல இதைத்தான் போர்டுல வரையப் போறேன். உங்க தப்பை எனக்குக் கடன் குடுங்க."

"எடுத்துக்கோ. ஆனா என் பேரைச் சொல்லிக் குடு."

"சரி, இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு பக்கம் மூணு பட்டை சேர்த்துட்டு, கீழ ரெண்டு வெட்டினா?"

நூலக்கா கண்ணை மூடினாள். வலப்பக்கம் மூன்று பட்டை நீள்கிறது. கீழே இரண்டு வெட்டும்போது, புதிதாகச் சேர்த்த மூன்றின் வாலும் சேர்ந்து போகிறது. "மூணு ரெண்டு ஆறு நஷ்டம். மைனஸ் ஆறு. மிச்சம் ஒரே ஒரு பட்டை."

"எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் ஆறு. அண்ணி, இனிமே எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு" என்றாள் நாத்தனார்.

பரீட்சை அன்று கூடம் நிறைய இளசுகள். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் நூலக்காவைப் பார்த்து, "பெற்றோர் எல்லாம் வெளிய இருக்கணும்மா" என்றார். "நானே என் பெற்றோர்தான் சார், உள்ள விடுங்க" என்றாள். உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். டொக். எந்த வெள்ளைச்சட்டை வேலையோ என்று முகம் சுளித்துவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

இருந்தது. x² − 9x + 20, காரணிப்படுத்துக.

பக்கத்துப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நூலக்கா தாளின் ஓரத்தில் ஒரு சதுரம் போட்டாள். ஒன்பது பட்டையை இரண்டு சுவருக்கும் பங்கு போட வேண்டும், இரண்டு முறை வெட்டுப்பட்ட மூலை இருபதாக வர வேண்டும். மூணும் ஆறும் என்றால் பதினெட்டு, போதாது. நாலும் அஞ்சும் என்றால் இருபது, சரியாக உட்கார்ந்தது. (x − 4)(x − 5) என்று எழுதினாள். அதோடு விடவில்லை. பெருக்கிப் பார்த்தாள். ஒட்டியதைத் தட்டிப் பார்க்காமல் எழுந்து போகிற ஆளா அவள்? பழைய கோவை அப்படியே திரும்பி வந்தது. திக். களிமண் வாத்தியார் எங்கே இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாஸ். அதுவும் தட்டுத் தடுமாறி இல்லை, ஜம்மென்று. நாத்தனார்தான் முதலில் அழுதாள். இவள், "நீ எதுக்குடி அழற, பரீட்சை எழுதினது நான்" என்று அதட்டிவிட்டுத் தானும் அழுதாள். லைசென்ஸ் வாங்க அலைந்த அலைச்சலைச் சொன்னால் அது தனிக் கதை. கைக்கு வந்த அன்று வெள்ளைச்சட்டை போன் செய்து, "பெரிய ஆளாயிட்ட போல இருக்கே" என்றார். "குட்டை ஆளுதான் சார், லைசென்ஸ்தான் பெரிசு" என்றாள்.

அவள் பெயரில் கிடைத்த முதல் வேலை பஸ் நிலையத்துக் காத்திருப்புக் கூடம். மழைத் தண்ணீரோடு நூறு பேர் நடந்தாலும் வழுக்காத தரை வேண்டும் என்று சொரசொரப்பான டைலாகப் பார்த்து எடுத்தாள். முதல்முறையாக ஆறு டைல் கூடுதலாக வாங்கினாள். "மூலைக்கு" என்று மட்டும் சொன்னாள். புருஷன் சிரித்துவிட்டுக் கலவை போடப் போனார்.

கடைசி நாள் கல் வந்தது. கல் வெட்டுகிறவர், "நூலக்கான்னே போட்டுடட்டுமா? அதானே எல்லாருக்கும் தெரியும்" என்று கேட்டிருந்தார். "முழுப் பேரையும் போடு. கூப்பிட இல்லாட்டியும் படிக்கவாவது இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தாள். தரைப்பணி என்று இருந்தது. அதன் கீழே அவள் பெயர், ஓர் எழுத்து குறையாமல்.

கலவையைப் பூசி, கல்லைத் தூக்கி வைத்து, ரப்பர் சுத்தியலால் நாலு மூலையும் தட்டினாள். பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. புருஷன் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்குப் படிப்பு கொஞ்சம்தான். எழுத்தெழுத்தாகக் கூட்டி அவள் பெயரை வாய்விட்டுப் படித்தார். எத்தனை வருஷத்துக்கு அப்புறமோ அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். பிறகு முகத்தை இன்னொரு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் அவளைப் போலவே ஒரு கண்ணை மூடிக் கல்லைப் பார்த்தார்.

"ஒரு நூல் சாஞ்சிருக்கு."

"சும்மா இருங்க."

"வெச்சுப் பாரு."

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நிற்கவில்லை, மயிரிழை வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கல்லை வைக்கும்போது கண் நிறைந்து கிடந்தால் வேறு எப்படி இருக்கும்? கரணைக் காம்பால் கல்லைத் தட்டினாள். திக். உள்ளே பொள்ளல் இல்லை.

"கலவை இன்னும் ஈரமாத்தான் இருக்கு. பேர்த்து வைக்கவா?" என்றார் அவர்.

அவள் தன் பெயரின்மேல் விரலை ஓட்டினாள்.

"வேண்டாம். சாஞ்சது யார் தப்பு?"

"உன் தப்புதான். சந்தேகமென்ன?"

"அப்ப என் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கல்லின் ஓரத்தில் வழிந்த கலவையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.